விசில் சுறாவுல நாப்பத்திரண்டு தப்பு

இடது பக்கம் போகாதீங்க தம்பி. சொல்றேன்ல, போகாதீங்க. அந்த நீலக் குழாய்க்குப் பின்னாடிதான் ஒளிஞ்சு நிக்கும். இந்தா, வந்துருச்சு பாத்தீங்களா? போச்சு. ஒரு உயிர் போச்சு.

எட்டிப் பாத்ததுக்குத் தப்பா நெனைக்காதீங்க. ஒரே சீட்டுல உக்காந்திருக்கோம், கண்ணு போகத்தான் செய்யும். அதுவும் இந்தக் கேமு. ‘தாவு தவக்களை’தானே? மூணாவது பாகம். எப்படித் தெரியும்ங்கிறீங்களா? ரெண்டாவதுல சுறாவுக்குத் தொப்பி கெடையாது. மூணாவதுலதான் வெள்ளைத் தொப்பி மாட்டி விட்டிருக்கா. தலை எங்க முடியுது, உடம்பு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாத மீனு. அதுக்குத் தொப்பி!

நான் இதெல்லாம் வெளையாடுறதில்ல. அறுபத்தி மூணு வயசுல எனக்கு எதுக்கு இது? சும்மா பாத்தேன். மொதப் பாகத்தை மூணு தடவை முடிச்சேன், ரெண்டாவதை நாலு தடவை, மூணாவதை எண்ணலை. பாத்தாத்தானே எம்புட்டு மோசம்னு சொல்ல முடியும்?

மாட்டி விட்டிருக்கான்னு சொன்னேன்ல, யாருன்னு கேக்க மாட்டேங்கிறீங்களே. என் மகதான் தம்பி. அங்கயற்கண்ணி. வீட்டுல அங்கைன்னு கூப்புடுவோம். கோயம்புத்தூர்ல இவளும் இன்னும் நாலஞ்சு பேரும் சேந்து கம்பெனி வச்சிருக்காங்க. இந்தத் தவக்களை, இந்தச் சுறா, எல்லாம் அவ வரைஞ்சது. அட, எதுக்குக் கையைக் குடுக்குறீங்க? பெருமைப்பட இதுல என்ன இருக்கு? முப்பது வயசாகுது, தவக்களைப் பொம்மையைத் தாவ விட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. நீச்சல் தெரியாத தவக்களை. உலகத்துல எங்கயாவது உண்டா? தண்ணில விழுந்தா செத்துருமாம். கரையைப் பிடிச்சுப் பிடிச்சுத் தாவித்தான் போகுமாம். நாலு பாகமா இதே கதை.

நான் ஏன் இவ்வளவு பேசுறேன்னா, எனக்குத் தண்ணி தெரியும். மதுரையில நீலவேணி நீச்சல் குளம்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப மூடி கல்யாண மண்டபம் ஆக்கிட்டாங்க. அங்க முப்பத்தோரு வருஷம் கோச்சு. சௌந்தரபாண்டி கோச்சுன்னா அந்த ஏரியாவுல பயலுக ட்ரவுசரை இறுக்கிக் கட்டுவானுக. ஸ்டேட்டுக்கு மட்டும் பதினோரு பேரை அனுப்பியிருக்கேன். தண்ணின்னா என்ன, தண்ணில இருக்கிற உடம்புன்னா என்னன்னு எனக்கு வந்து தவக்களையை வச்சுப் பாடம் எடுக்குறா.

இந்தா, மடியில இருக்கு பாருங்க. லாங் சைஸ் நோட்டு. சுறாவுல மட்டும் நாப்பத்திரண்டு தப்பு. நம்பர் போட்டு எழுதியிருக்கேன். படிக்கிறேன் கேளுங்க.

ஒண்ணு. சுறா கடல் மீனு. குளோரின் போட்ட குளத்துல ஒரு நாளு தாங்காது. நாலு. சுறா பின்பக்கமா நீந்தாது. இவ சுறா தவக்களையைப் பாத்துக்கிட்டே கரையோரமா முன்னாடியும் பின்னாடியும் போகுது, வருது. வாட்ச்மேன் வேலை பாக்குது. ஒம்போது. சுறாவுக்கு ஏது விசிலு? கழுத்துல விசிலைத் தொங்க விட்டு, பாயுறதுக்கு முன்னாடி ஒரு நீளம் ரெண்டு குட்டையா ஊதுது. எந்த வேட்டை மிருகமாச்சும் வர்றேன்னு சொல்லிட்டு வருமா? பதினொண்ணு. வாயில மூங்கில் கம்பு. கம்பைக் கவ்விக்கிட்டா எப்படிக் கடிக்கும்? அதனாலதான் அது கடிக்கிறதே இல்ல. தவக்களை எப்பக் கரையைப் பிடிக்குதோ அப்பப் பாத்து விரல்ல ஒரு போடு. தவக்களை விழுந்து செத்த உடனே அது தலைக்கு மேல எழுத்து வருது, ‘மறுபடியும்!’ அது ஒண்ணுதான் இந்தக் கேம்லயே உருப்படியான வார்த்தை.

பதினேழு. இதைக் கேளுங்க, சிரிப்பீங்க. தவக்களை விரல்ல பிளாஸ்திரி. வலது கை, மோதிர விரல்ல. நெருக்கிப் பாத்தாத்தான் தெரியும். மொதல்ல, தவக்களைக்கு முன்னங்கையில நாலு விரல்தான். இவ அஞ்சு போட்டிருக்கா. எதுக்கு அஞ்சு? மோதிர விரல் வேணுமாம். அதுல பிளாஸ்திரி வேணுமாம். தண்ணில ஊறுனா பிளாஸ்திரி நிக்குமா? இவளுது நாலு பாகமா நிக்குது.

தண்ணி குடிங்க. நான் பேசிக்கிட்டே போறேன்.

இந்தச் சுறா யாருன்னு எனக்குத் தெரியும். வெளிய சொல்லலை. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, கோயம்புத்தூர்ல எறங்குனா நீங்க யாரோ நான் யாரோ. அது தனசீலன். எங்க குளத்துல ரெண்டாவது கோச்சு. எனக்குக் கீழ. விசிலு, தொப்பி எல்லாம் அவனும் வச்சிருந்தான். ஒரு நீளம் ரெண்டு குட்டைங்கிறது என் விசிலு, என்கிட்ட இருந்து அவன் எடுத்துக்கிட்டான். கம்பா? கம்பு அவன் வச்சுக்கிட்டதில்ல. அவன் பையில கடலைமிட்டாய்தான் கெடக்கும். கரையேறுற பிள்ளைக்கெல்லாம் ஆளுக்கொண்ணு. அப்படிக் குடுத்தா எவன் தண்ணிக்குள்ள கெடப்பான்? அவன்தான் சுறா. அவனுக்குத் தெரியக் கூடாதுன்னு இவ கம்பைக் குடுத்து மறைச்சிருக்கா. அவளுக்கு மரியாதை ஜாஸ்தி.

கம்பு என்கிட்ட இருந்துச்சு. அது எல்லாக் கோச்சுகிட்டயும் இருக்கும் தம்பி. முங்குறவனுக்கு நீட்டுறதுக்கு. மத்த நேரம் கரையைப் பிடிக்கிறவன் விரல்ல தட்டுறதுக்கு. தட்டுறதுதான். தட்டுறது வேற, அடிக்கிறது வேற. மறுபடியும் சொல்றேன், வேற. நீச்சல்ல மொதப் பாடமே அதுதான், கரை கெடையாதுன்னு நெனைச்சுக்க. கரை இருக்குன்னு தெரிஞ்சா மனுசன் நீந்த மாட்டான், கரையைத்தான் தேடுவான். முப்பத்தோரு வருஷத்துல என் குளத்துல பயிற்சி நேரத்துல கரையைப் பிடிச்சு மூச்சு வாங்குன பிள்ளை ஒண்ணு கெடையாது.

அங்கைக்கு நாலு வயசுல நான்தான் பழக்குனேன். கம்பெல்லாம் இல்ல அப்ப. என் உள்ளங்கையை விரிச்சு, அவ வயித்துக்கு அடியில வச்சுத் தாங்குவேன். இங்க, தொப்புளுக்கு ரெண்டு விரல் மேல. அந்த எடத்துல வச்சாத்தான் பிள்ளை தலையும் தூக்காது, காலும் முங்காது. ஒரு விரல் தள்ளி வச்சாலும் பயந்துரும். ஒரு நாள் கையை எடுத்தேன். எடுத்ததே அவளுக்குத் தெரியாது. நீந்திக்கிட்டே இருக்கா. திரும்பிப் பாத்து, ‘அப்பா, கை எங்க’ங்கிறா. எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோஷம் ஸ்டேட் மெடலுக்கெல்லாம் இருந்ததில்ல தம்பி. நெசமாச் சொல்றேன்.

ம்? அப்புறம் என்ன, வளந்தா. பதினஞ்சு வயசு. எரநூறு மீட்டர் பட்டர்ஃப்ளை. ஸ்டேட் மீட்டுக்கு ஒன்பது நாள் இருந்துச்சு. சித்திரை வெயிலு, மத்தியானம் மூணு மணி. பத்தாவது செட்டு. நேரம் ரெண்டு செகண்டு ஜாஸ்தி. ரெண்டு செகண்டுதான், இன்னொரு செட்டுப் போட்டா வந்துரும்னு எனக்குத் தெரியும், உடம்பைப் பாத்தாலே தெரியும். இவ கரையைப் பிடிச்சுக்கிட்டா. கோச்சு மக, எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க, கரையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறா. விடுன்னேன். விடலை. தட்டுனேன். விடலை. ‘போதும்ப்பா’ன்னு என்னவோ சொன்னா, தண்ணிச் சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கலை. மறுபடியும்னேன். மறுபடியும் தட்டுனேன். மூணு தடவை. மத்த பிள்ளைகளுக்கு என்ன சட்டமோ அதுதானே அவளுக்கும்? மகங்கிறதுக்காக விட்டா நாளைக்கு எவன் மதிப்பான்?

அதுக்குள்ள அந்தத் தனசீலன் பேண்ட்டு சட்டையோட குதிச்சுட்டான். என் குளத்துல, என் மகளை, என்னைக் கேக்காமத் தூக்கிட்டுப் போறான். ஒரு நகம் விழுந்துருச்சுன்னு ஊரையே கூட்டிட்டான். நகந்தானே, வளராதா? எந்த விரல்னுகூட இப்ப எனக்கு ஞாபகம் இல்ல. அவ்வளவு சின்ன விஷயம். அதுக்கப்புறம் அவ தண்ணில கால் வைக்கலை. ஒன்பது நாள் விடுங்க, பதினஞ்சு வருஷமா வைக்கலை. அவன் கெடுத்தான் தம்பி. அன்னைக்கு அவன் மட்டும் குறுக்க வரலைன்னா அந்த ரெண்டு செகண்டு வந்திருக்கும்.

ஒட்டன்சத்திரம் தாண்டிட்டோமா? அதுக்குள்ளயா?

பேசாமல்லாம் இல்ல. பேசுவா. போன் போட்டு நான் எடுத்தேன்னா, ‘அம்மாகிட்டக் குடுங்க’ம்பா. மரியாதையாத்தான் சொல்லுவா. தீபாவளிக்கு வந்தா சாப்புட்டீங்களாம்பா. கல்யாணப் பேச்சை எடுத்தா மாடிக்குப் போயிருவா. வேறென்ன வேணும் ஒரு அப்பனுக்கு? திலகவதி, என் சம்சாரம், அவதான் என்னவோ நான் பெரிய கொலை செஞ்ச மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிவா.

இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கோயம்புத்தூர்ல விழா. நாலாவது பாகம் வந்து மூணு வாரம் ஆச்சுல்ல, பெரிய ஹால்ல கொண்டாடுறாங்க. திலகவதி முந்தாநாளே போயிட்டா. எனக்கும் சொல்லி விட்டிருக்கா என் மக. நேரா இல்ல, அம்மா மூலமா. என்ன சொன்னா தெரியுமா? ‘அப்பாவை நாலாவது பாகத்தை முடிச்சுட்டு வரச் சொல்லு.’ அவ்வளவுதான். முடிச்சா வா, முடிக்கலைன்னா வராதே. பெத்த அப்பனுக்குப் பரீட்சை வைக்கிறா. திமிரைப் பாத்தீங்களா?

முடிக்கலை தம்பி. மூணு வாரமாச்சு. காலையில காபி குடிச்சதும் உக்காந்தா மத்தியானம் வரைக்கும். கடைசிக் குளத்துல வந்து நிக்கிறேன், அங்க அந்தச் சுறா. மொத மூணு பாகத்துல தப்பிச்சு மேல ஏறிட்டா முடிஞ்சது. இதுல ஏணியே இல்ல. சுத்திப் போய்ப் பாத்தேன். அது முதுகுல குதிச்சுப் பாத்தேன். விசிலைப் பிடுங்கப் பாத்தேன். என்ன செஞ்சாலும் முங்கடிச்சிருது. மறுபடியும், மறுபடியும்னு என்னையவே வெரட்டுது. எங்க தெருவுல ரெண்டாப்புப் படிக்கிற ஒரு வாண்டு முடிச்சிருச்சாம். கேக்குறதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு. இது தப்பாச் செஞ்ச கேமு, அதான் முடிய மாட்டேங்குது. நாப்பத்திரண்டாவது தப்பு அதுதான்.

அதனாலதான் தாராபுரம் வரைக்கும் மட்டும் டிக்கெட்டு. கண்டக்டர்கூட ஒரு மாதிரிப் பாத்தாரு. தாராபுரத்துக்குள்ள முடிச்சா மேல போறது. இல்லன்னா எறங்கி எதுத்த பஸ்ஸு. நானும் திண்டுக்கல்ல இருந்து பையில இருக்கிற போனைத் தொடலை. தொட்டா என்ன ஆகும்னு தெரியும்ல.

என்னது? நீங்க நாலாவதை முடிச்சுட்டீங்களா? முடிச்சுட்டுத்தான் திரும்ப மூணாவது ஆடுறீங்களா? இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன தம்பி, மனுசன் இவ்வளவு நேரம் கத்திக்கிட்டு இருக்கேன். எப்படி முடிச்சீங்க? எதை வச்சு அடிச்சீங்க?

அடிக்கலையா?

கரையைப் பிடிக்கிறதா? என்ன தம்பி வெளையாடுறீங்க? கரையைப் பிடிச்சா அது தட்டும்ல. தட்டட்டும்னா? விடாமப் பிடிச்சுக்கிட்டே இருக்கணுமா? அது ஒரு ஆட்டமா? கோழைத்தனம். நான் சௌந்தரபாண்டி. முப்பத்தோரு வருஷம் ஒருத்தனையும் கரையைப் பிடிக்க விட்டதில்ல, நான் போய்ப் பிடிக்கிறதா? மாட்டேன். வேற வழி சொல்லுங்க.

இல்லையா. வேற வழியே வைக்கலையா அவ.

எவ்வளவு தூரம் தாராபுரம்? பத்து நிமிஷமா?

சரி, இந்தாங்க என் போனு, நீங்களே ஆடிக் காட்டுங்க. ஏன்? நான்தான் ஆடணுமா? பிடிவாதக்காரரா இருக்கீங்களே. சரி. கண்ணாடி எங்க வச்சேன்? ஆங். இந்தா வந்தாச்சு, கடைசிக் குளம். எந்தப் பட்டன்? இதையா? அமுக்கிக்கிட்டே இருக்கணும், விடக் கூடாது. சரி. பிடிச்சுட்டேன். வருது பாருங்க கரையோரமா, வாட்ச்மேன். ஊதுது. ஒரு நீளம், ரெண்டு குட்டை.

அய்யோ! போனு அதிருது தம்பி. கையில வந்து விழுகுது. இது எனக்குத் தெரியாதே, நான்தான் ஒரு தடவையும் விடாமப் பிடிச்சதில்லையே. நல்லா அதிருது. சுள்ளுன்னு. ஒண்ணு ஆச்சு. மறுபடியும்ங்கிது. மறுபடியும் வருது. விட்டுரவா? விட்டா அடியில இருந்து தப்பிச்சிரும்ல தவக்களை? விடக் கூடாதா?

ரெண்டு.

தம்பி, தவக்களை விரலைப் பாருங்க. செவந்து போச்சு. அது கண்ணை மூடிக்கிச்சு. நாலாவது பாகத்துலதான் கண்ணை மூடுது, முன்னாடியெல்லாம் மூடாது. மறுபடியும்ங்கிது. நிறுத்துறதுக்குப் பட்டன் இருக்கா? சுறாவை நிறுத்துறதுக்கு ஒரு பட்டனும் இல்லையா? எவன்யா இதெல்லாம் பிள்ளைக வெளையாட விடுறது, சின்னப் புள்ள கை, அதுல போய்...

மூணு.

இல்ல. விடலை. பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். கம்பைத் தூக்கிருச்சு. நாலாவது. அடிக்கலை. ஏன் அடிக்கலை? நிக்குது. கம்பைக் கரையில வச்சிருச்சு. உள்ள முங்குது. அடியில போயிருச்சு தம்பி, இப்பத்தான் கடிக்கப் போகுது. தவக்களை கை வழுக்குதே. வழுக்குது.

இது என்னது? துடுப்பா? அடியில இருந்து வருது. துடுப்பை விரிச்சு, வயித்துக்கு அடியில...

எடம் சரியா இருக்கு.

ரெண்டு விரல் மேல. சரியான எடந்தான். ஒரு விரல்கூடத் தள்ளலை. மறக்கலை பாத்தீங்களா அவ. அப்படியே தூக்குது. தலையும் தூக்கலை, காலும் முங்கலை. கரையில கொண்டாந்து விட்டிருச்சு. சுறா தலைக்கு மேல எழுத்து வருது, இருங்க, கண்ணாடி மங்குது, நீங்க படிங்க. ‘போதும். ஏறிக்க.’ அப்படியா போட்டிருக்கு? நல்லாப் பாத்துப் படிங்க.

இதை நான் சொன்னதே இல்லையே தம்பி. அன்னைக்கு நான் இப்படிச் சொல்லலையே.

இல்ல, ஒண்ணும் இல்ல. தூசி. ஜன்னலைச் சாத்துங்க.

தாராபுரம் வந்துருச்சா? கண்டக்டர்! கண்டக்டர், இங்கிட்டு வாங்க. எறங்கலை. கோயம்புத்தூர் ஒண்ணு குடுங்க. ஆமாய்யா, கோயம்புத்தூருதான், தெரிஞ்சுதான் கேக்குறேன்.

தம்பி, பேனா இருக்கா? இந்த நோட்டைக் கொஞ்சம் பிடிங்க, பஸ்ஸு ஆடுது. பதினேழு எங்க இருக்கு, பதினேழு. இந்தா. இதை அடிச்சிடுறேன். பிளாஸ்திரி தப்பு இல்ல. எந்த விரல்னு ஞாபகம் இல்லைன்னு சொன்னேன்ல, பொய் தம்பி. வலது கை, மோதிர விரல்.